டவர் படுக்காத நான்கு நாட்கள்

இருந்தவர்கள் ஐந்து பேர். டிரைவர் பழனியண்ணன். சத்தீஸ்கர்க்காரர் புத்ராம். பைப் லாரியோடு வந்த இரண்டு பேர். நான். இல்லாதவர் ஒருவர். தேவ்ராஜ்.

புதன்கிழமை. காலை 5:40.

முதலில் ‘டுப்’ என்று ஒரு சத்தம். தூரத்தில், டிரம் மூடியை யாரோ திறந்த மாதிரி. அப்புறம் ஒன்றுமில்லை. பதினொன்று எண்ணுகிற நேரம். அப்புறம் ஒரு சீட்டி. அப்புறம் தரை ஆடுகிறது.

“படு சாமி! தலையத் தூக்காத!”

பழனியண்ணன் குரல். நான் ரிக் வண்டிக்கு அடியில் கிடக்கிறேன். வாயில் மண். டீசல் வாடை. என் கண்ணுக்கு நேரே பின்சக்கரம். அதற்கு அப்பால் பள்ளிக்கூடச் சுவர். இரண்டாவது ‘டுப்’. எண்ணுகிறேன். ஒன்பதில் விழுகிறது. பக்கத்தில் வருகிறது என்று அர்த்தம். எண்ணத் தெரிந்தது அன்றைக்கு ஒரு கெட்டதாகப் போயிற்று.

நாங்கள் இருந்தது எல்லையோரத்தில் ஒரு கிராமம். பெயரை எழுதவில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடத்தான் போனோம். வரவழைத்தவர் தேவ்ராஜ். இமாச்சல்காரர். பட்டாளத்தில் நாயக். போன வருஷம் அவருடைய முகாமுக்குப் பக்கத்தில் எங்கள் ரிக் ஒரு குழி போட்டது. தண்ணீர் பாய்ந்து வந்தது. அன்றிலிருந்து பழக்கம்.

எல்லையைக் காக்கிறவர் அவர். குழி தோண்டுகிறவர்கள் நாங்கள். அந்தப் புதன்கிழமை காலை எல்லையில் மண்ணைத் தின்றுகொண்டு கிடந்தது நாங்கள். அவர் லீவில் இருந்தார். வெண்ணந்தூரில். எங்கள் வீட்டில். என் தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தார்.

இதை எழுதுகிறவன் சரவணன். வெண்ணந்தூர். அம்மா கிழங்கு மில்லில் வேலை. ஜவ்வரிசிக்குக் கிழங்கு தோல் சீவுவது. அப்பா இல்லை. எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான். டிப்ளமா முடித்தேன். தங்கச்சி கலைச்செல்வி பத்தாவதோடு நின்று நூல் மில்லுக்குப் போனாள். நான் டிப்ளமா முடித்தது அவள் சம்பளத்தில். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் செய்தது என்ன என்று அப்போதுதான் தெரியும்.

திருச்செங்கோட்டு ரிக் ஒன்றில் எனக்கு மேனேஜர் என்று பெயர். வேலை என்னவென்றால் நோட்டு எழுதுவது. ஒவ்வொரு பைப்பும் இருபது அடி. ஒவ்வொன்றும் குழிக்குள் இறங்கும் நேரம், ஏறும் நேரம், வந்த மண்ணின் நிறம். எல்லாம் நிமிஷக் கணக்கில் எழுத வேண்டும். அதனால்தான் இதில் நேரம் சரியாக இருக்கிறது. ஞாபகம் அல்ல. நோட்டு.

காலை 6:25-க்குச் சத்தம் நின்றது. பைப் லாரி ஆட்கள் இரண்டு பேரும் வயல் வழியாக ஓடிப்போய்விட்டார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. பிழைத்தார்கள். ஊர் பாதி அன்றே காலி. ஓட முடியாதவர்கள் பள்ளிக்கூடத்துக்கு அடியில் இருந்த பதுங்கு அறைக்கு வந்தார்கள். எண்ணினேன். முப்பத்தொன்று. கிழவர்கள், பிள்ளைகள், பிரசவமாகி ஆறு நாள் ஆன ஒரு பெண்.

எங்கள் ரிக் பள்ளிக்கூடக் கேட்டுக்கு நேரே நின்றது. நீரோட்டம் பார்த்தவர் காட்டிய இடம் அது. பைப்பைத் தூக்கி இறக்கும் டவர் நிமிர்ந்து நின்றது. குழிக்குள் இருபத்தொரு பைப். நானூற்று இருபது அடி. தண்ணீர் இல்லை. பைப் லாரி சுற்றுச்சுவருக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. ரிக் நகராமல் லாரி வெளியே போக முடியாது. குழிக்குள் பைப் நிற்கும்போது டவரை மடிக்க முடியாது. டவரை மடிக்காமல் ரிக் நகராது.

பைப்பை உருவ வேண்டியதுதானே என்று கேட்பீர்கள்.

ரிக்காரர்களிடம் ஒரு கட்டு உண்டு. பயணத்தில் போடுகிற முதல் குழியில் ஈரம் பார்க்காமல் டவரைப் படுக்க வைக்க மாட்டார்கள். வைத்தால் அந்தப் பயணம் முழுக்கப் புகைதான், தண்ணீர் வராது என்பார்கள். இது எங்கள் முதல் குழி. பழனியண்ணன் பதினேழு வருஷமாக ரிக்கில் இருக்கிறார். ஒருதரம்கூட மீறியதில்லை.

“தண்ணி பாக்காம டவர் படுக்கக் கூடாதுங்க சாமி. நீ படிச்சவன், உனக்கு இது சிரிப்பா இருக்கும்.”

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனசு அங்கே இல்லை. எனக்கு முந்தின நாளே சண்டை ஆரம்பித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். 6:15. என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ஊர்ப் பையன்கள் குழுவில் போட்டிருந்தார்கள். வெண்ணந்தூர் பஸ் நிறுத்தம். தேவ்ராஜைச் சுற்றி நாலு பேர். பக்கத்தில் மில் சீருடையோடு கலைச்செல்வி.

“ஏன்டா வடக்கா, எங்கூர்ப் புள்ளகிட்ட உனக்கென்னடா பேச்சு?”

“பையத் தொறங்கடா. புள்ள புடிக்கிறவனா இருப்பான்.”

“அவரு பட்டாளத்துக்காரருங்கடா! உடுங்கடா!” கலைச்செல்வி கத்துகிறாள்.

“இவன் பட்டாளம்னா நான் கலெக்டரு!”

சிரிப்பு. அப்புறம் ‘பளார்’. தேவ்ராஜின் இடது கன்னத்தில். அவர் திருப்பி அடிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். வீடியோ முப்பத்தெட்டு நொடி.

அதைப் பார்த்தபோது எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று உண்மையை எழுதுகிறேன். அடித்தவர்கள் மேல் வரவில்லை. தேவ்ராஜ் மேல் வந்தது. என் நண்பன் என்று நம்பியவர். கோயில் பார்க்கத் தென்னாட்டுக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்னவர். போன வருஷம் நான் வீட்டோடு வீடியோவில் பேசும்போது எட்டிப் பார்த்தார். கலைச்செல்விக்கு மில்லில் ஒடிசாப் பெண்களோடு பழகி இந்தி வரும். “உங்க தொப்பி பெருசா, மண்டை பெருசா?” என்று அவரைக் கிண்டல் செய்தாள். நானும் சிரித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வருஷம் எனக்குத் தெரியாமல் பேசியிருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அவன ஊட்டுக்குள்ள விட்டயா நீ?”

“அடிபட்டு நிக்கறான் சாமி. லாட்ஜுக்கு எப்புடி அனுப்பறது? நல்ல பையனாத்தான் தெரியறான்.”

“நல்ல பையன் கெட்ட பையன் எனக்குத் தெரியும். நான் வாரேன். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க.”

அப்புறம் அவருக்குப் போட்டேன். இந்தியில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. ரிக்கில் வேலை பார்த்தால் அதுதான் முதலில் வரும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று சொன்னார். “உன் வீட்டில் நீதான் மூத்தவன். உன் முகத்தைப் பார்த்துக் கேட்கத்தான் நினைத்தேன். நீ எங்கள் பக்கம் போய்விட்டாய், நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். நேரில் கேட்கிறேன்.”

கலைச்செல்வியின் கல்யாணம் என் ஒரு வார்த்தையில் நின்றது. நான் இல்லை என்றால் இல்லை. அது எனக்குத் தெரியும். அந்தத் தெரிதல் எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை 5:40.

வியாழன். நாள் முழுக்க. நோட்டில் அறுபத்திரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஒரு குண்டுக்கு ஒரு கோடு. எதுவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் விழவில்லை. கிழக்கே, ஊருக்கு வெளியே விழுந்தது. பதுங்கு அறையில் குழந்தை அழுகிறது. ஒரு கிழவர் ரேடியோவைக் காதில் வைத்து அணைத்து அணைத்துப் போடுகிறார். புத்ராம் எல்லாருக்கும் ரொட்டி சுடுகிறார். ரிக் வண்டியில் கொண்டுவந்த மாவு.

“மேனேஜரு, கொஞ்சம் சிரியுங்க. சாவு வந்தா உங்க மூஞ்சியப் பாத்துத் திரும்பிப் போயிரும்,” என்றார். எங்களோடு ஆறு வருஷம் இருந்தவர். நாமக்கல் தமிழ் பேசுவார்.

தேவ்ராஜுக்கு லீவு ரத்தாகிவிட்டது, புதன் மதியமே ரயில் ஏறிவிட்டார் என்று வீட்டிலிருந்து செய்தி வந்தது. நான் பதில் போடவில்லை.

வெள்ளி. மதியம் 2:10. சத்தம் நின்றது. அரை மணி. முக்கால் மணி. ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் பைப்பை உருவியிருந்தால் டவர் படுத்திருக்கும். ரிக் நகர்ந்திருக்கும். லாரியில் எல்லாரையும் ஏற்றியிருக்கலாம்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? குழி போட்டோம்.

“இன்னும் நாப்பது அடி உட்டுப் பாப்போம் சாமி. ஈரம் தெரிஞ்சாப் போதும். டவரப் படுக்க வெச்சுக் கெளம்பிரலாம்.”

நான் சரி என்றேன். 3:05-க்கு இஞ்சின் போட்டோம். இருபத்திரண்டாவது பைப் 3:05 - 3:29. சாம்பல் நிறம். காய்ந்த தூள். இருபத்துமூன்றாவது பைப் 3:31 - 3:58. அதே சாம்பல். டவர் உச்சி வரை தூள் வெள்ளையாக எழும்பி நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது என்னவாகத் தெரிந்ததோ. கம்ப்ரஸர் ஓடினால் ‘டுப்’ கேட்காது. சீட்டி கேட்காது. பதுங்கு அறையிலிருந்து ரேடியோக் கிழவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். வாய் திறந்து மூடுகிறது. சத்தம் கேட்கவில்லை. இஞ்சினை நிறுத்தினேன்.

“நிறுத்து! நிறுத்து!” அப்போதுதான் அவர் குரல் கேட்டது.

4:05. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கோதுமை அறுத்த காட்டில் விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் விழுந்த முதல் குண்டு. அதற்கப்புறம் அந்தப் பக்கம்தான் விழுந்தது.

சனி. காலை 9:31. ஒரு ஜீப். தேவ்ராஜ் இறங்குகிறார். சட்டை எல்லாம் புழுதி. கூட ஒரு சிப்பாய். இடது கன்னத்தில் நீலம் இன்னும் இருக்கிறது. சண்டைக்கு வந்த பட்டாளத்துக்காரர், எங்கள் ஊர்க்காரன் கொடுத்த காயத்தோடு வந்தார்.

பதுங்கு அறைக்குள் போனார். எண்ணினார். வெளியே வந்தார். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்தார். கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார். முதலில் புத்ராமுக்கு. அப்புறம் பழனியண்ணனுக்கு. அப்புறம் எனக்கு நீட்டினார்.

டம்ளரில் பெயர் வெட்டியிருந்தது. புள்ளி புள்ளியாக. கலைச்செல்வி.

எங்கள் பக்கம் பெண் பிள்ளை பிறந்தால் வருஷத்துக்கு ஒரு பாத்திரம் எடுத்துச் சேர்ப்பார்கள். கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் கிடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அதில் தண்ணீர்கூடப் படக் கூடாது. எங்கள் பரண்மேல் இருபத்திரண்டு பாத்திரம் இருந்தது. எல்லாம் அம்மா கிழங்கு சீவிச் சேர்த்தது. ஒன்றையும் யாரும் தொட்டதில்லை. அது இந்த ஆளின் கையில் இருக்கிறது. இரண்டு பேர் வாய் வைத்துக் குடித்தாகிவிட்டது.

அது ஒரு டம்ளர். எனக்கு என் வீட்டுக் கதவையே பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

9:40. அவர் சொல்கிறார். “டவரை இறக்கு. கேட்டிலிருந்து வண்டியை எடு. முப்பத்தொரு பேரை உன் லாரியில் ஏற்ற வேண்டும். பத்தரைக்கு மேல் மறுபடி ஆரம்பிக்கும் என்று நினைக்கிறோம்.”

ரிக் சாவி என் சட்டைப் பையில்.

“இந்த டம்ளரை யாரைக் கேட்டு எடுத்தே?”

“அதைப் பிறகு பேசுவோம். உன்னிடம் கேட்கத்தான் வந்திருக்கிறேன். பிறகு. இப்போது டவர்.”

“ஓஹோ. மாப்பிள்ளை உத்தரவோ? இது உன் பட்டாளம் இல்லை. இது எங்க ரிக். தண்ணி பாக்காம டவர் படுக்காது.”

நான்தான் சொன்னேன். அந்தக் கட்டை நம்பாதவன். டிப்ளமா படித்தவன். பழனியண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

தேவ்ராஜ் கெஞ்சினார். எழுதுகிறேன், மறைக்கவில்லை. கெஞ்சினார். உள்ளே ஆறு நாள் பிள்ளை ஒன்பது நாள் பிள்ளையாகி இருக்கிறது என்றார். நான் என் தங்கச்சியைப் பற்றிப் பேசினேன். அவர் வண்டியைப் பற்றிப் பேசினார். நான் நம்பிக்கைத் துரோகம் என்றேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார். என்னை அடித்துச் சாவியைப் பிடுங்கியிருக்கலாம். உடம்பில் என்னைப் போல் இரண்டு மடங்கு. கூட ஆயுதத்தோடு ஒரு சிப்பாய். செய்யவில்லை. கலைச்செல்வியின் அண்ணன் மேல் கை வைக்கவில்லை. பயம் என்று நினைத்தேன்.

கடைசியில் பழனியண்ணன் என் முன்னால் வந்து நின்றார்.

“சாவியக் குடு சாமி.”

“நீங்கதான அண்ணா சொன்னீங்க, டவர்...”

“நாஞ் சொன்னது நாஞ் சொன்னது. இந்தப் பயணம் பூராப் பொகையாவே போகட்டும். குடுறா.”

கொடுக்கவில்லை. கன்னத்தில் ஒன்று விட்டார். அவரே என் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார்.

9:58. இஞ்சின் ஓடுகிறது.

பழனியண்ணன் லீவரில். புத்ராமும் தேவ்ராஜும் குழி வாயில். பைப் மேலே வருகிறது. ஸ்பேனர் போட்டு முறுக்குகிறார்கள். கழல்கிறது. தூக்கிச் சாய்க்கிறார்கள். அடுத்தது. தேவ்ராஜ் ரிக் வேலை தெரியாதவர். ஆனால் மூன்றாவது பைப்புக்குள் புத்ராமின் கை வேகம் அவருக்கு வந்துவிட்டது. ஒரு பைப்புக்கு ஒன்றரை நிமிஷம். என் கை தானாக நோட்டில் எழுதுகிறது. பழக்கம். சிப்பாய் பதுங்கு அறையிலிருந்து ஆட்களை லாரிக்கு நடத்துகிறார். குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்குகிறார்கள். பத்து பைப். பன்னிரண்டு. பதினைந்து.

10:22. பதினாறாவது பைப் கழன்றது.

இஞ்சின் சத்தத்தில் எனக்கு ‘டுப்’ கேட்கவில்லை. தேவ்ராஜ் தலையைத் தூக்கினார். அவருக்குக் கேட்டிருக்கிறது. என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

“சரவணா! கீழே!”

வெள்ளை. அப்புறம் கறுப்பு. அப்புறம் சத்தமே இல்லாத ஒரு நேரம். எவ்வளவு என்று நோட்டில் இல்லை.

கண் திறந்தபோது டவர் படுத்திருந்தது. தானாக. சுற்றுச்சுவரின் மேல். பழனியண்ணன் இடது காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விரலுக்கு இடையில் ரத்தம். புத்ராம் மல்லாக்கக் கிடக்கிறார். கையில் ஸ்பேனர் பிடித்தபடி. தேவ்ராஜ் அவருக்குக் குறுக்கே. அவரை மூடப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரையும் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

குண்டு தெற்குச் சுவரை உடைத்திருந்தது. லாரி போகிற அகலத்துக்கு. 10:41-க்குப் பழனியண்ணன் அந்த வழியாக லாரியை வெளியே எடுத்தார். ஒரு காதோடு ஓட்டினார். முப்பத்தொரு பேரும் இருந்தார்கள். கூட இரண்டு உடல்.

குழியில் கடைசி வரைக்கும் தண்ணீர் வரவில்லை.

எட்டு நாள் கழித்து வெண்ணந்தூருக்கு வந்தேன். மதியம். வெயில். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஒரு பேனர். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. தேவ்ராஜின் படம். ‘எங்கள் மண்ணை மிதித்த மாவீரனுக்கு வீர வணக்கம்.’ கீழே நாலு பேர் கைகூப்பி நிற்கிறார்கள். மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை. வீடியோவில் பார்த்த அதே நாலு பேர். அடித்தவன் நடுவில்.

வீட்டுக்குப் போனேன். கலைச்செல்வி வாசலில் நின்றாள். அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“உன்னையக் கேட்டாராண்ணா?”

என்ன கேட்கிறாள் என்று புரிந்தது.

“கேக்கல கலை. நேரமில்ல.”

உள்ளே போய்விட்டாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைப் பற்றி நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

“நான்தான் சாமி பரண்மேல ஏறி எடுத்துக் குடுத்தேன். புதங்கெழமை. போன் வந்துருச்சு, போகோணும்னு நின்னான். இந்தப் புள்ள கையில குடுக்க ஒண்ணுமில்லாம அழுதுது. சரவணன் சரிம்பான், நான் சொல்லிக்கறேன், இத எடுத்துட்டுப் போப்பான்னு குடுத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? அண்ணன் சரின்னு சொல்றவரைக்கும் இதுல நான் குடிக்க மாட்டேனுங்கம்மான்னான். கலைதான் தமிழ்ல சொன்னா.”

புத்ராம் குடித்தார். பழனியண்ணன் குடித்தார். எனக்கு நீட்டினார். அவர் குடித்ததை நான் பார்க்கவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். குடிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கலைச்செல்வி வெளியே போனாள். கையில் கிழங்கு சீவுகிற கத்தி. பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இருக்கும் நேரம். பேனரின் கீழ்ப்பாதியை, அந்த நாலு பேரை மட்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிழித்தாள். தேவ்ராஜின் படத்தைத் தொடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு முன்னால் முப்பது பேர்.

“வீரனோட பேனரக் கிழிச்சிருக்கா! இவளெல்லாம் ஒரு பொம்பளையா?”

“செத்தவன் இவளுக்கு என்ன ஆகோணும்? தாலியா கட்டுனான்?”

“இவ ராசிதான்டா அவனக் கொன்னுது!”

முதல் கல் ஓட்டில் விழுந்தது. எண்ணினேன். ஏழு கல். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். அவள் மட்டும் கதவைத் திறந்து வாசலுக்குப் போனாள்.

“அறைஞ்சவன் யாரு? முன்னால வா. அவருக்கு என்ன ஆகோணும்னு நான் சொல்றேன். உனக்கு அவரு என்ன ஆகோணும்னு நீ சொல்லு!”

யாரும் முன்னால் வரவில்லை. கல்லும் நின்றது. ஆனால் அடுத்த வாரம் மில் வேன் எங்கள் தெருவுக்கு வருவது நின்றது. அம்மாவோடு கிழங்கு சீவுகிறவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் வீட்டைக் காலி செய்தோம். இப்போது மோகனூரில் வாடகைக்கு இருக்கிறோம். இங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது.

டம்ளர் தேவ்ராஜின் பொருட்களோடு இமாச்சலுக்குப் போய்விட்டது. அவருடைய அம்மா ஒருநாள் கலைச்செல்விக்கு வீடியோவில் வந்தார். மலைக்காட்டு வீடு. டம்ளரைத் திரையில் காட்டினார். இதில் என்ன எழுதியிருக்கிறது, பட்டாளத்தில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை என்றார்.

“என் பேருங்கம்மா,” என்றாள் இந்தியில்.

அவர் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது அந்த வீட்டுக்கு வந்ததுதான் என்றாள் கலைச்செல்வி. நான் அடுத்த அறையில் இருந்தேன். எல்லாம் கேட்டது.

ஊரில் இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். எதிரி குண்டு போட்டான், வீரன் செத்தான் என்று முடித்துவிடுகிறார்கள். அது உண்மை. ஆனால் முழுசு இல்லை. நான் இருந்தேன். பார்த்தேன். எழுதியும் வைத்திருக்கிறேன். அதனால் கணக்கை நான்தான் சொல்ல வேண்டும்.

இறந்தவர்கள் இரண்டு பேர். நாயக் தேவ்ராஜ், வயது இருபத்தெட்டு. புத்ராம், வயது முப்பத்துநான்கு. சத்தீஸ்கரில் அவருக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். அவருக்கு யாரும் பேனர் வைக்கவில்லை. பழனியண்ணனின் இடது காது. ஒரு ரிக். இருபத்துமூன்று பைப்பில் ஏழு குழிக்குள்ளேயே நிற்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் தெற்குச் சுவர். வெண்ணந்தூரில் ஒரு வீடு. அம்மாவின் இருபத்திரண்டு வருஷத்துக் கிழங்கு மில். பரண்மேல் மீதி இருபத்தொரு பாத்திரம். அவற்றைக் கலைச்செல்வி எடுத்துப் புழங்கத் தொடங்கிவிட்டாள். தினமும் அதில்தான் சாப்பிடுகிறோம். இனி எதற்கும் சேர்த்து வைக்க வேண்டியதில்லை என்கிறாள்.

பைப்புக்கு ஒன்றரை நிமிஷம். இருபத்துமூன்று பைப்புக்கு முப்பத்துநாலரை நிமிஷம். டவர் மடிக்க நாலு நிமிஷம். 9:40-க்கு நான் சாவியைக் கொடுத்திருந்தால் 10:19-க்கு ரிக் கேட்டை விட்டுப் போயிருக்கும். இஞ்சின் ஓடியது 9:58. குண்டு விழுந்தது 10:22.

கலை, நீ வாசலில் நின்று கேட்டாய். அவர் கேட்க வந்தார். கேட்கத்தான் வந்தேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நேரமில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். நேரம் இருந்தது.

பதினெட்டு நிமிஷம்.